சிறப்புக் குழந்தைகளின் கல்வியும் நமது கடமையும்

(தேவர்சோலையில் ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்ட இந்த அவையில், நம் கணக்கில் இதுவரை வராத சில பிள்ளைகளைப் பற்றிப் பேச விழைகிறோம். காது கேளாத பிள்ளையும், நடக்க இயலாத பிள்ளையும், பத்து வயதாகியும் எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாத பிள்ளையும் நம் மஹல்லாவில் உண்டு. வீட்டில் மலையாளம், பள்ளியில் தமிழ். அதனால்தான் தாமதம் என்று நாமே ஆறுதல் கூறி ஆண்டுகளைக் கடத்துகிறோம். "இங்கே வைத்துக்கொள்ள இயலாது" என்று ஒரு பள்ளி பிள்ளையைத் திருப்பி அனுப்ப, தாய் கண்ணீருடன் நம்மிடம் வந்தபோது, "சபூர் செய்யுங்கள்" என்று மட்டும் கூறி அனுப்பினோம். அது நம் தவறு.

சட்டம் கூறுவதை அன்று நாம் அறிந்திருக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ளிட்ட 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு, 6 முதல் 18 வயது வரை, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை உண்டு. கடுமையான குறைபாடுள்ளோர் வீட்டிலிருந்தே கற்கலாம் என்று 2012இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கே உண்டு. வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று பள்ளி கூற இயலாது. தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என 2021இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

இவ்வுரிமைகளுக்குப் பின்னால் பெற்றோரின் உழைப்பும் உண்டு. மூளை முடக்குவாதப் பாதிப்புள்ள மகனின் தாயான பூனம் நடராஜன், 1985இல் சென்னையில் தொடங்கிய சிறு பள்ளியே இன்றைய வித்யா சாகர். பின்னாளில் அவர், 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் பணியாற்றினார்.

நம் பெற்றோர் பலர் தேயிலைத் தோட்டக் கூலிகள். ஓர் அலுவலுக்காகக் கூடலூருக்கோ உதகைக்கோ சென்றால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே மூன்று காரியங்களை முன்வைக்கிறோம். முதலாவது, எந்த வீட்டில் எந்தப் பிள்ளை பள்ளிக்குச் செல்லவில்லை என்பதை நிர்வாகம் அறிந்துவைத்தல். இரண்டாவது, மருத்துவச் சான்றிதழுக்கும் வட்டார வள மையத்திற்கும் செல்லும் பெற்றோருடன் நம்மில் ஒருவர் சென்று, பயணச் செலவையும் ஏற்றல். மூன்றாவது, பள்ளியில் வேண்டுவதை வாயால் கேளாமல் இரு படிகளாக எழுதிக்கொடுத்து, ஒன்றில் தேதியுடன் கையொப்பம் பெற்றுவர உதவுதல். பள்ளி மறுத்தால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிட அந்தத் தாளே சான்றாகும். ஆசிரியர்களுடன் பகை வேண்டாம். அவர்களுக்கும் உதவி தேவைப்படுகிறது.

நம் மதரஸாவும் இதற்கு விலக்கன்று. பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்பவராக நியமித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். மெதுவாக ஓதும் பிள்ளைக்கும் நம் பாயில் இடம் வேண்டும்.

அடுத்த ஆண்டறிக்கையில், பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைகளின் எண்ணிக்கையும் கணக்கோடு வாசிக்கப்பட வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.