தாய் நலமும் இணையக் கல்வியும்

திருகோணமலைத் துறைமுகத்தின் சிறப்பு உலகறிந்தது. பெருங்கப்பல்கள் தங்குதற்கேற்ற ஆழமும், காற்றைத் தடுக்கும் குன்றுகளும் அதற்கு உண்டு. ஆயின், கப்பல்களுக்குப் புகலிடமாய் அமைந்த அந்நீர்ப்பரப்பு கரையோர மக்களுக்கு நெடுங்காலம் தடையாகவும் இருந்தது. கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் வாழும் மூதூர் மக்கள் நகரை அடைய இயந்திரப் படகை நம்பியிருந்தனர். கிண்ணியா மக்கள் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறி நீரைக் கடந்தனர். நள்ளிரவில் பேற்று நோவு கண்ட பெண்ணுக்கு அந்த நீர் எத்தகைய சோதனையாய் இருந்திருக்கும் என்பதை நேயர்கள் எளிதில் உணர்வர்.

அத்தடை இன்று பெரிதும் நீங்கிவிட்டது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. அடுத்து மூதூர் வீதியிலும் பாலங்கள் எழுந்தன. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் வரும் 'சுவசெரிய' இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை 2016இல் தொடங்கிப் பின்னர் எல்லா மாகாணங்களுக்கும் விரிந்தது. வழி உண்டு, வண்டியும் உண்டு. ஆனால் வண்டியை அழைக்க வேண்டிய வேளை இதுவென்று வீட்டிலுள்ளோர் அறிந்திருக்கின்றனரா? தாய் நலத்தின் உயிர்நிலை இக்கேள்வியிலேயே உள்ளது.

தாய்மார் இறப்பை ஆராய்ந்த தாடியஸ், மெயின் என்னும் இருவர், அதற்கு வழிகோலும் தாமதங்கள் மூன்று என 1994இல் எடுத்துரைத்தனர். உதவி நாடத் தீர்மானிப்பதில் நேரும் தாமதம் ஒன்று. வைத்தியசாலையை அடைவதில் நேருவது மற்றொன்று. அங்கே தக்க சிகிச்சை பெறுவதில் நேருவது மூன்றாவது. பாலமும் வண்டியும் இரண்டாவதைக் குறைக்கும். முதலாவதைக் குறைக்க வல்லது அறிவு ஒன்றே.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். கணவர் கடலுக்குச் சென்றிருக்கிறார். எட்டு மாதக் கர்ப்பிணிக்குத் தலை பிளப்பது போன்ற வலி, கண்ணும் மங்குகிறது, முகம் வீங்கியிருக்கிறது. "பித்தமாயிருக்கும் பிள்ளை, சற்றுப் படுத்துக்கொள்" என்கிறார் மாமியார். அச்சொல்லில் அன்பு குறைவில்லை, அறிவுதான் போதவில்லை. அவ்வறிகுறிகள் குருதி அமுக்கம் அளவு கடந்து ஏறியதைக் காட்டக்கூடும். காலம் தாழ்த்தினால் வலிப்புக் கண்டு, தாயும் சேயும் ஆபத்துக்குள்ளாகலாம். குருதிப்போக்கு, காய்ச்சல், நீர்க்குடம் உடைதல், வயிற்றுப் பிள்ளையின் அசைவு குறைதல் என்பனவும் விடியும்வரை பொறுத்திருக்கத் தக்கவை அல்ல.

இத்தகைய அறிவை வீட்டு வாசலுக்குக் கொண்டு செல்வதில் இலங்கைக்குப் பழம்பெருமை உண்டு. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது முதல், மருத்துவிச்சிமார் வீடு வீடாகச் சென்று தாய்மாரைச் சந்திக்கும் வழக்கம் நாடெங்கும் வேரூன்றியது. 1930களில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேல் தாய்மார் இறந்தனர். 2010களில் அத்தொகை 40க்கும் கீழே இறங்கியிருந்தது. வைத்தியசாலைகளும் மருந்துகளும் மலேரியா ஒழிப்பும் இதற்குத் துணைநின்றன. பெண்கள் பெற்ற எழுத்தறிவும் அவற்றுக்கு இணையாகத் துணைநின்றது.

அவ்வழியில் வந்த புதிய துணையே இணையம். 2020இல் கொரோனா நோயினால் ஊரடங்கு நேர்ந்து, வீட்டை விட்டு வெளியேறுவது அரிதானபோது, கைத்தொலைபேசியின் பயன் நன்கு விளங்கிற்று. சுகாதார மேம்பாட்டுப் பணியகம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் இணையவழி அறிவுரை வழங்கி வருகிறது. கர்ப்பகால உணவு, தாய்ப்பாலூட்டல், தடுப்பூசி, குடும்பத் திட்டம் முதலியவற்றை ஒரு தாய் தன் மொழியில், தனக்கு ஓய்வான வேளையில், வேண்டியமட்டும் மீட்டுக் கேட்கலாம். கூச்சத்தால் வாய்விட்டுக் கேளாதவற்றையும் தனிமையில் அறியலாம்.

ஆயினும் எச்சரிக்கை இரண்டு உண்டு. இணையத்தில் பேசுவோர் அனைவரும் வைத்தியர் அல்லர். தடுப்பூசியை இகழ்வோரும், கைகண்ட மருந்தென்று எதையோ விற்போரும் அங்கே உளர். மற்றொன்று, கைத்தொலைபேசி குருதி அமுக்கத்தை அளந்து சொல்லாது. அவ்வமுக்கம் சிலருக்கு எவ்வித அறிகுறியுமின்றி ஏறும். ஆகவே மாதாந்தக் கிளினிக்குக்குச் செல்வதை இணையத்தின் பெயரால் எவரும் கைவிடலாகாது. எதைப் பார்ப்பது, எதை நம்புவது என்பதைத் தம் பகுதிக் குடும்பநல மாதுவிடமே கேட்டறிதல் நன்று.

பல வீடுகளில் கைத்தொலைபேசி ஆடவரின் கையில் உள்ளது. தீர்மானமோ மூத்தோரின் வாயில் உள்ளது. ஆதலால் இக்கல்வியைக் கர்ப்பிணி மட்டும் கற்றால் போதாது. மாலை வேளையில் கணவரும் மாமியாரும் உடனிருந்து கேட்கட்டும். கடலுக்குப் போகுமுன் ஒரு கைத்தொலைபேசியை வீட்டில் வைத்துச் செல்லக் கணவர் மறவாதிருக்கட்டும். 1990 என்னும் இலக்கம் சுவரில் எழுதப்பட்டிருக்கட்டும். நீரின்மேல் பாலம் அமைக்க அரசும் பெரும் பொருளும் வேண்டியிருந்தன. வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் இடையே அறிவுப் பாலம் அமைப்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் இயலக்கூடிய பணியாகும்.