டிசைன் படிக்கலாமா?

(பொங்கல் விழாவன்று நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அடுத்து பரிசளிப்பு இருக்கிறது, பிள்ளைகள் முறைக்கிறார்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் லிஃப்டில் ஒரு அக்கா கேட்டார்கள். "பையன் பிளஸ் டூ. டிசைன்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கான். இப்ப எல்லாத்தையும் ஏஐயே வரைஞ்சிருதே, இவன் படிச்சு என்ன செய்ய?" நாலாவது மாடி வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் அதற்கு இல்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

உங்கள் போனில் பேங்க் ஆப்பைத் திறந்தால் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருப்பார்கள். என் வேலை அதுதான். நான் சேர்ந்தபோது இதை நாலைந்து பேர் பிரித்துச் செய்வோம். ஒருவர் வாடிக்கையாளரிடம் பேசுவார், ஒருவர் கட்டம் போடுவார், ஒருவர் வண்ணம் பார்ப்பார், ஒருவர் வாசகம் எழுதுவார். பிறகு அது புரோகிராம் எழுதுபவரிடம் போகும். நாங்கள் தினமும் புழங்கும் ஃபிக்மா என்ற மென்பொருள் 2025இல் 'மேக்' என்று ஒரு வசதி கொண்டுவந்தது. என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், தொட்டால் வேலை செய்கிற திரையையே அது கட்டித் தந்துவிடுகிறது. இப்படி இன்னும் பல கருவிகள் வந்துவிட்டன. நாலு பேர் வேலையை ஒருவர் செய்ய முடிகிறது. இதை நான் மறைக்கப் போவதில்லை.

நம் கேட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வருகிறவர் போகிறவர் பெயரை வாட்ச்மேன் அண்ணாச்சி நோட்டில் எழுதுவார். அதை போனுக்கு மாற்றித் தருகிறேன் என்று நான்தான் சங்கத்தில் வாயைக் கொடுத்தேன். ஏஐ கருவியிடம் சொன்னேன். அடுப்பில் குக்கர் விசில் அடித்து அடங்குவதற்குள் திரை வந்துவிட்டது. அழகென்றால் அவ்வளவு அழகு! மூன்றாம் நாள் பார்த்தால் அண்ணாச்சி மறுபடியும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். கேட்டால், "நல்லாத்தாம்மா இருக்கு" என்கிறார். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு சாயங்காலம் கேட்டிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஐந்து மணி வெயில் நேராக அவர் கையிலிருக்கும் போனில் அடிக்கிறது. இளஞ்சாம்பல் எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. திரை முதலில் பெயரைக் கேட்கிறது, அண்ணாச்சியோ முதலில் "எந்த வீடு?" என்றுதான் கேட்கிறார். 'வருகையின் நோக்கம்' என்று ஒரு கட்டம். யாராவது வாசலில் வந்தவரிடம் "உங்கள் வருகையின் நோக்கம் என்ன?" என்று கேட்போமா? தண்ணீர் கேன் தம்பி தினமும் வருகிறவர், அவருக்கும் ஐந்து கட்டம் நிரப்ப வேண்டியிருக்கிறது. பின்னால் இரண்டு பைக் ஹாரன் அடிக்கிறது.

பார்த்ததை எழுதி அதே கருவியிடம் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் மாற்றித் தந்தது. கறுப்பில் பெரிய எழுத்து, முதல் கேள்வி 'எந்த வீடு', அதற்குக் கீழே பால், தண்ணீர் கேன், பார்சல், வீட்டு வேலை, விருந்தாளி என்று ஐந்து பட்டன். இப்போது அண்ணாச்சி அதில்தான் பதிகிறார். சார்ஜ் போய்விட்டால் இருக்கட்டும் என்று நோட்டும் பக்கத்திலேயே இருக்கிறது. அது அவருடைய டிசைன், என்னுடையதைவிட நல்ல டிசைன்.

இப்படி எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த ஆளைத்தான் இன்று கம்பெனிகள் 'ஜெனரலிஸ்ட்' என்று தேடுகின்றன. நமக்கு இது புதிதில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போவோமே, அந்த டிடிபி கடைக்காரர் யார்? அவரே டைப் அடிப்பார், பேஜ்மேக்கரில் பக்கம் கட்டுவார், பிழை பார்ப்பார், அட்டை விலை சொல்வார். எல்லாம் முடிந்தபிறகு, "தாய்மாமன் பேரு வரலியே, பரவாயில்லயா?" என்றும் கேட்பார். எத்தனை வீட்டுச் சண்டையை அந்த ஒரு கேள்வி தடுத்திருக்கும்! ஏஐ அதைத் தானாகக் கேட்காது. தமிழ் எழுத்தைக்கூட சில நேரம் ஒழுங்காகப் போடாது. இந்த விழாவுக்கு நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த போஸ்டரில் 'பொஙகல்' என்று இருந்ததை எத்தனை பேர் கவனித்தீர்கள்? புள்ளி எங்கே போனது?

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். நான் தொழில் கற்றது சின்ன வேலைகளில்தான். ஒரே விளம்பரத்தைப் பத்து அளவில் மாற்றுவது, படத்தின் பின்னணியை வெட்டுவது என்று இரண்டு வருடம் ஓடியது. அந்த வேலைகள்தான் முதலில் ஏஐயிடம் போயிருக்கின்றன. புதிதாக வருகிறவர்களுக்கு ஏணியின் கீழ்ப்படி இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி பாளையங்கோட்டையில் கடைகளுக்கு போஸ்டர் செய்துகொண்டிருந்தான். இப்போது கடைக்காரர்களே போனில் செய்துகொள்கிறார்கள். அவன் அந்தக் கடைகளுக்கே பொருள் படம் எடுப்பது, வாட்ஸ்அப் கேட்டலாக் போடுவது, பில் வடிவம் அமைப்பது என்று மாறியிருக்கிறான். வருமானம் இன்னும் பழைய இடத்துக்கு வரவில்லை.

படிக்க வெளியூர் போயே ஆகவேண்டும் என்றும் இல்லை. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் சோஹோ 2011இல் வந்தது. அந்தக் கம்பெனி 2005 முதல் ஒரு பள்ளியும் நடத்துகிறது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைக் கட்டணம் வாங்காமல், மாதாமாதம் உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைக்கிறார்கள். டிசைனும் அதில் ஒரு பிரிவு. சேர்வது சுலபம் என்று சொல்லமாட்டேன். ஆனால் முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு அம்மா பேங்க் ஆப்பை எந்த விரலால், எவ்வளவு பயத்தோடு தொடுகிறார் என்று பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, பெங்களூரில் கண்ணாடி ரூமில் இருப்பவருக்குத் தெரியாத ஒன்று தெரியும்.

அக்கா, பையனிடம் ஒன்று கேளுங்கள். படம் வரையப் பிடித்ததால் மட்டும் டிசைன் என்கிறானா, இல்லை, குழப்பமான ஒரு ஃபாரத்தைப் பார்த்தால் "இதை ஏன் இப்படிச் செஞ்சிருக்காங்க?" என்று எரிச்சல் வருகிறதா? எரிச்சல் வந்தால் தைரியமாக அனுப்புங்கள். வெறும் வரையும் ஆசை என்றால் இன்னொரு முறை உட்கார்ந்து பேசுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நம் மெயின்டனன்ஸ் பில்லில் 'முன் நிலுவை' எது, 'நிகர நிலுவை' எது என்று இங்கே பாதிப் பேருக்குப் புரிவதில்லை. மாதம் பிறந்தால் பொருளாளர் அண்ணாச்சி போன் ஓய்வதில்லை. பரீட்சை முடிந்ததும் பையனை அனுப்புங்கள். ஏஐ வைத்தே செய்யட்டும், ஆனால் முதலில் பத்து வீட்டுக் கதவைத் தட்டி, பில்லைக் கையில் கொடுத்து, எங்கே முழிக்கிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொண்டு வரவேண்டும். பொருளாளர் அண்ணாச்சி சம்மதித்துவிட்டார். வேறு பிள்ளைகள் வந்தாலும் சரி, ஏப்ரல் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் சங்க அறையில் இருப்பேன்.