திரைக்குப் பின்னால்

(நெல்லிக்குப்பம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மேடையேறும்போது இளந்தோழர் ஒருவர் என் கையில் ஒரு சீட்டைத் திணித்தார். "போர், பிரிவினை, மூடுமந்திரம் இம்மூன்றுக்கும் மதமே பொறுப்பு என்று பகிரங்கமாகக் கூறுவீரா?" என்று கேட்டிருக்கிறார் அதிலே. கூறிவிடலாம்; கைதட்டலும் கிடைக்கும். ஆனால், மூன்று குற்றங்களை ஒரே மூட்டையாகக் கட்டி வழக்காடினால், ஒன்று உடைந்ததும் மற்ற இரண்டும் சேர்ந்தே தப்பிவிடும். ஆகவே தனித்தனியே விசாரிப்போம். சாட்சிகளைத் தேடி நெடுந்தூரம் போவானேன்? தெற்கே தில்லை இருக்கிறது, கிழக்கே மஞ்சக்குப்பம் இருக்கிறது.

முதலில் போர். 1781 ஜூன் திங்கள் 18ஆம் நாள், தில்லைக் கோவிலின் மதிலை ஆங்கிலத் தளபதி அயர் கூட் தாக்கினான். உள்ளே இருந்தது தீட்சிதர் சேனையா? இல்லை, ஐதர் அலியின் படை! முஸ்லிம் மன்னனின் வீரர்கள் சிவன் கோவிலைக் கோட்டையாக்கிக் காக்கிறார்கள். ஏசுவை வணங்குபவன் தாக்குகிறான். தாக்கி, முடியாமல் திரும்புகிறான். பதின்மூன்று நாள் கழித்துப் பரங்கிப்பேட்டையிலே அவனே வெல்கிறான். மதப்போரா இது? மண்ணுக்கும் வரிக்குமான போர். கோவிலிடம் அவர்கள் வேண்டியது அருள் அல்ல, கருங்கல்!

ஐரோப்பாவிலே 1618 முதல் 1648 வரை முப்பதாண்டுகள் நடந்ததே ஒரு போர், அதை மதப்போர் என்றுதான் பள்ளியில் படித்தோம். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் மூண்ட சண்டைதான். ஆனால் கத்தோலிக்க பிரான்சு எந்தப் பக்கம் சேர்ந்தது? புராட்டஸ்டண்டு சுவீடன் பக்கம்! அரசியல் கணக்கு வந்ததும் செபமாலை சட்டைப்பைக்குள் போய்விட்டது.

அப்படியானால் மதம் நிரபராதியா? அவசரப்படாதீர்கள். கடலுக்கு அப்பால் இருக்கிறது ஒரு கசப்பான சாட்சி. இலங்கையிலே 1957இல் பண்டாரநாயக்காவும் தந்தை செல்வாவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். தமிழருக்குக் கொஞ்சம் உரிமை, நாட்டுக்கு நிறைய அமைதி, அவ்வளவுதான் அதிலே இருந்தது. 1958 ஏப்ரலில், எறும்பையும் மிதிக்கக்கூடாதென்று போதித்த புத்தரின் துறவிகள், பிரதமரின் வீட்டுவாயிலில் வந்து அமர்ந்தார்கள். கிழிந்தது ஒப்பந்தம். மே மாதம் ஓடியது தமிழரின் குருதி. 1959இல் அதே பண்டாரநாயக்காவைச் சுட்டவரும் காவி உடுத்த ஒரு பிக்குவே! அந்தத் தீயை மூட்டியது மதம் என்று நான் சொல்லமாட்டேன். வேலையும் நிலமும் வாக்குச்சீட்டும் மூட்டிய தீ அது. அணைக்க எடுத்துவந்த நீர்க்குடத்தைத் தட்டிவிட்டதே, அது மதநிறுவனத்தின் கை.

அடுத்தது பிரிவினை. இங்கே நான் தயங்கவேண்டிய அவசியமே இல்லை. ஆதனூர் நந்தன் தில்லைக்குள் நுழைய நெருப்பிலே குளிக்க வேண்டியிருந்தது என்கிறது அவர்களுடைய புராணமே; நான் கட்டிய கதை அல்ல! நந்தனின் பரம்பரை நெருப்பில் குளிக்காமல் நுழைய, 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 1916இல், அந்தச் சிதம்பரத்திலேயே நந்தனார் பெயரால் பள்ளி திறந்து, கோவிலுக்கு முன் கல்வியின் கதவைத் திறந்தவர் சுவாமி சகஜானந்தர். காவி உடுத்த துறவிதான் அவரும் என்பதை மறைக்கமாட்டேன்.

ஒரே கூரையின்கீழ் இருந்த திருமாலையும் விட்டுவைக்கவில்லை. தில்லைக் கோவிந்தராசரைக் கடலில் எறியச் செய்தான் இரண்டாம் குலோத்துங்கன் என்று பெருமையோடு பாடினார் ஒட்டக்கூத்தர். நான்கு நூற்றாண்டு கழித்து, 1539இல், விசயநகரத்து அச்சுததேவராயன் மீண்டும் நிறுவினான். இந்த மாவட்டத்து வள்ளலாரோ சாதியும் சமயமும் பொய்யென்றார். 1867இல் வடலூரில் அடுப்பு மூட்டினார், எல்லோருக்கும் சோறு! அவர்மீது மஞ்சக்குப்பம் நீதிமன்றத்திலே 1869இல் வழக்குத் தொடுத்தவர் யார்? நாத்திகரா? சைவத்தின் காவலர் ஆறுமுக நாவலர்! வழக்கு தள்ளுபடியாயிற்று; அடுப்பு இன்றும் அணையவில்லை.

இனி மூடுமந்திரம். இதைத்தான் பெருங்குற்றம் என்பேன் நான். காரணம், மற்ற இரண்டும் ஒளிந்துகொள்ளும் அறை இது. தேவார ஏடுகள் தில்லையில் பூட்டிய அறைக்குள் கிடந்தன. பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம் என்றார்கள் தீட்சிதர்கள். இராசராசன் மூவரின் திருவுருவங்களையும் கொண்டுவந்து நிறுத்தித் திறக்கச் செய்தான். உள்ளே பெரும்பகுதியைச் செல்லரித்திருந்தது என்கிறது மரபுக் கதை. தமிழைக் காப்பதாகச் சொல்லிப் பூட்டினார்கள், காத்தது கரையானை!

சிதம்பர ரகசியம் என்று திரையை விலக்கிக் காட்டுகிறார்களே, அங்கே தொங்குவது பொன் வில்வமாலை, அதன் பின்னால் வெட்டவெளி. வெட்டவெளியே இறை என்னும் தத்துவத்தோடு எனக்குச் சண்டையில்லை. வெளியைக் காட்டத் திரை எதற்கு என்ற ஐயம் மட்டும் உண்டு. என் சண்டை, சாவியோடும் கணக்குப் புத்தகத்தோடும்தான்.

2008 பிப்ரவரி 29இல், சிற்றம்பல மேடையில் தமிழ்த் திருமுறை பாடலாம் என்று அரசு ஆணையிட்டது. மார்ச்சு 2ஆம் நாள் ஆறுமுகசாமி என்ற முதிய அடியார் பாடப் போனார். காவல்துறை துணையோடு போக வேண்டியிருந்தது, கைகலப்பும் நடந்தது. அப்பர் பாடிய தமிழுக்கு அப்பர் பாடிய ஊரிலே போலீஸ் பாதுகாப்பு! 2009இல் நிர்வாகத்தைக் கவனிக்க அரசு அதிகாரி அமர்வதை உயர்நீதிமன்றம் ஏற்றது. 2014 சனவரி 6ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதைப் புரட்டியது. சீர்கேட்டை நீக்க அரசு நிர்வாகத்தை ஏற்றாலும், நீங்கியதும் திருப்பித் தரவேண்டும், நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாகாது என்றது. கசக்கிறது தீர்ப்பு. ஆனால் அதிலொரு நியாயம் இருப்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்: பூட்டைத் திறக்கப் போனவன் தன் பூட்டைப் போட்டுவிட்டு வரக்கூடாதல்லவா? 2022இல் கனகசபையில் ஏறி நின்று எல்லோரும் வழிபடலாம் என்று மற்றோர் ஆணை, அதற்கும் எதிர்ப்பு.

தீட்சிதரைப் பற்றிப் பேசும்போது பலமாகக் கைதட்டினீர்கள். கொஞ்சம் பொறுங்கள். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கிளைக் கூட்டம். மாநாட்டு வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேட்டார் ஒரு நெசவாளத் தோழர். "எதிரிக்கு இடங்கொடுக்கிறாய்" என்றார்கள், "துரோகி" என்றார்கள். எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. நான் அங்கே உட்கார்ந்திருந்தேன் தோழர்களே, வாய் திறக்கவில்லை. பூணூல் அணிந்தவர் ஒருவரும் அந்த அறையில் இல்லை. திரை இருந்தது.

இன்றைய கூட்டத்துக்கு வசூலான தொகையும் செய்த செலவும் எழுதிய தாளை, மேடையின் இடப்பக்கத்துக் கம்பத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். ஒலிபெருக்கிக்காரருக்கு இன்னும் பாக்கி நிற்கிறது, அதுவும் எழுதப்பட்டிருக்கிறது. சீட்டுக் கொடுத்த தம்பி அதை முதலில் போய்ப் படிக்கட்டும். கூட்டல் தவறாயிருந்தால் இங்கேயே வந்து சொல்லட்டும், ஒலிபெருக்கியைத் தருகிறேன்.