பொம்மைகள் காட்டிய பருவங்கள்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் மாலைப் படிப்பகத்தின் சார்பில் ஆற்றிய உரை)

    

கழகம் எழுப்பிய கட்டடங்களைப் பற்றியும், பட்டம் பெற்று வெளியேறிய நம் பிள்ளைகளைப் பற்றியும் பேசுதற்குத் தகுதியுடையோர் பலர் இம்மேடையில் அமர்ந்திருக்கின்றனர். மாலைப் படிப்பகத்தைக் கவனித்து வரும் எங்களுக்குச் செயற்குழு தந்த பொருள் சிறியது. 2024 ஐப்பசியில் தொடங்கி 2025 பங்குனியில் நம் பிள்ளைகள் முடித்த நான்கு நிமிடப் பொம்மைப் படத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றனர். ஆண்டின் பருவங்களைக் காட்டும் படம் அது. பொம்மை விளையாட்டைப் பற்றிப் பேச ஒரு கருத்தரங்கா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். தொடக்கத்தில் நாங்களும் அவ்வாறே எண்ணினோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

படம் எடுக்கப்படும் முறையை முதலில் கூறுதல் வேண்டும். உயிரற்ற பொம்மை ஒன்றை மேசைமேல் நிறுத்தி ஓர் ஒளிப்படம் எடுக்கிறோம். பிறகு அதன் காலை ஒரு நெல்மணியளவு நகர்த்தி மற்றோர் ஒளிப்படம். மீண்டும் நகர்த்தி மீண்டும் ஒன்று. இவ்வாறு எடுத்தவற்றை நொடிக்குப் பன்னிரண்டு வீதம் ஓட்டிப் பார்த்தால் கண் அவற்றைத் தனித்தனியே காண்பதில்லை, பொம்மை நடக்கிறது. ‘ஸ்டாப் மோஷன்’ என்று திரைத்துறையினர் கூறுவது இதனையே. நொடிக்கு 12 என்றால் நிமிடத்திற்கு 720. நான்கு நிமிடத்திற்கு 2,880. ஆறு பருவங்களுக்குப் பங்கிட்டால் பருவத்திற்கு 480. இக்கணக்கை நாங்கள் போட்டுக் காட்டவில்லை. பெருக்கல் என்றாலே பின்வரிசைக்கு நகரும் இரு மாணவியர் கரும்பலகையில் போட்டுக் காட்டினர்.

இக்கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1913-இல் ‘ராஜா அரிச்சந்திரா’வை வெளியிட்ட தாதாசாகேப் பால்கே, அதற்கு முன்பே 1912-இல் பட்டாணிச் செடி ஒன்று முளைத்து வளர்வதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம்பிடித்து, திரையில் சில நொடிகளில் வளரச் செய்து காட்டினார். திரைப்படம் எடுக்கப் பணம் வேண்டியிருந்தது. பணம் தருவோர்க்கு நம்பிக்கை வரவேண்டியிருந்தது. அதற்குத் துணைநின்றது ஒரு பட்டாணிச் செடி. செக்கோசுலோவாகியாவில் இர்ஷி டிரன்கா என்னும் கலைஞர் 1947-இல் தம் நாட்டுக் கிராம மக்களின் ஓராண்டு வாழ்வை, அதன் விழாக்களையும் வழிபாட்டுப் பயணங்களையும் மரப்பொம்மைகளைக் கொண்டே முழுநீளப் படமாக்கினார். அவருடைய பொம்மைகளின் முகம் மாறுவதில்லை. தலையைச் சாய்க்கும் விதத்தாலும், மேல் விழும் ஒளியாலும் அவை அழுவதாகவும் சிரிப்பதாகவும் நமக்குத் தோன்றும். அதில் ஒரு பகுதியைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். பார்த்து முடித்ததும் ஒரு சிறுமி, “இந்த ஊரில் எப்போதும் திருவிழாதானா சார்? வேலைக்கு எப்போது போவார்கள்?” என்று கேட்டாள். அக்கேள்வியை அப்போது நாங்கள் சிரித்துக் கடந்துவிட்டோம்.

பருவங்களை வரைந்து வாருங்கள் என்றோம். மறுநாள் வந்த தாள்களில் நான்கு பருவங்கள் இருந்தன. வெண்பனி மூடிய கூரை, செந்நிற இலையுதிரும் மரம், கம்பளிக் குல்லாய் அணிந்த சிறுவன். காவிரிக் கடைமடையில் பிறந்த பிள்ளைகள் இவர்கள். பனிக்கட்டியைக் குளிர்பானக் கடையில் அன்றி வேறெங்கும் கண்டதில்லை. சுவரில் தொங்கும் அச்சுப் படத்தைப் பார்த்து எழுதியிருந்தனர். பிழை அவர்களுடையது அன்று. அப்படத்தை வாங்கி மாட்டியவர்கள் நாங்கள். பின்னர்த் தமிழ்ப் பாடத்தை நினைவூட்டினோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறும் ஒரே குரலில் வந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதம் என்பதும் வந்தது. “சரி, கார்காலத்தில் நம் தெருவில் என்ன நடக்கும்?” என்றோம். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு மாணவி, “அம்மா நாற்றுப் பறிக்கப் போகும், தம்பியை நான் வைத்துக்கொள்வேன்” என்றாள். அதன்பின் அவர்களை நிறுத்துவதுதான் கடினமாயிற்று.

ஆவணி, புரட்டாசியில் சம்பா நடவு. ஐப்பசி, கார்த்திகையில் மழை. தமிழகம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது; அதிலும் கடலோரத்தில் பெய்வது மிகுதி. மழைநீர் முதலில் நுழைவது தாழ்ந்த இடத்திலுள்ள நம் காலனிக்குள்தான். பள்ளிக்கூடம் தங்குமிடமாகும். மார்கழி, தையில் அறுவடை. மாசியில் உளுந்து. அதன்பின் ஆனியில் ஆற்றில் தண்ணீர் வரும்வரை வேலை இல்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு என்று பாடத்தில் படிக்கிறோம். அந்த நாளை நம் வீடுகளில் எதிர்பார்ப்பது போல் பொங்கலைக்கூட எதிர்பார்ப்பதில்லை. இவற்றையே படமாக்குவது என்று பிள்ளைகள் முடிவு செய்தனர். பனிக்கட்டித் தாள்களை ஒருவன் பட்டம் செய்ய எடுத்துச் சென்றான்.

வேலை நடந்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். இளைஞர்கள் வேறிடங்களில் செய்து பார்க்க உதவும். குளத்துக் களிமண்ணில் செய்த முதற்பொம்மைகள் இரண்டே நாளில் வெடித்துப் போயின. ஆகவே கட்டுக்கம்பியை எலும்பாக வளைத்து, அதன்மேல் பழந்துணியைச் சுற்றினர். கைபேசியைச் செங்கல் அடுக்கின்மேல் கட்டினோம். விரலால் தொட்டு எடுத்தபோதெல்லாம் கைபேசி ஆடியது. காதில் மாட்டிக் கேட்கும் கருவியின் கம்பியிலுள்ள பொத்தானை அழுத்தினாலும் படம் எடுக்கும் என்பதைக் கண்டுபிடித்தவன் எட்டாம் வகுப்பு மாணவன். சன்னல் வெளிச்சத்தில் எடுத்த முதல் நூறு படங்களும் வீணாயின. மேகம் நகருந்தோறும் ஒளி மாறியதால் திரையில் மின்வெட்டு போல் துடித்தன. சன்னல்களைச் சாக்கால் மூடி இரண்டு விளக்குகளை வைத்தோம். அப்போதும் துடிப்பு நிற்கவில்லை. காரணம் புரியாமல் ஒரு வாரம் தவித்தபின், அருகில் நிற்பவனின் வெள்ளைச் சட்டை ஒளியைத் திருப்புகிறது என்று தெரிந்தது. அன்று முதல் பொம்மையை நகர்த்துவோர் கருஞ்சட்டை அணிந்து வந்தனர். இதற்கு வேறு பொருள் கற்பித்து எங்களை விசாரித்த பெரியவர் ஒருவரும் உண்டு!

பயிர் வளர்வதற்குத் தென்னை ஈர்க்குகளுக்குப் பச்சை வண்ணம் பூசி, துளையிட்ட தெர்மோகோல் பலகையின் கீழிருந்து சிறிது சிறிதாக மேலே தள்ளினர். மேசைக்கடியில் படுத்துத் தள்ளியவன் ஒரு மாலை உறங்கிவிட்டான். அன்று பயிர் வளரவில்லை. மழைக்குப் பழைய சன்னல் கண்ணாடியில் சுண்ணாம்புக் கோடுகள் இழுத்துப் படத்திற்குப் படம் இறக்கினர். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இவர்களுள் பலர்க்கு நினைவில் நிற்கும் முதல் நிகழ்ச்சி. ஈர்க்குத் தென்னைகள் யாவும் ஒரே திசையில் விழ வேண்டும் என்று வாதாடினர். அன்று அப்படித்தான் விழுந்தன என்றனர். ஒரு மாலையில் நூற்றிருபது படம் எடுத்தால் அது நல்ல நாள். அதுவும் பத்து நொடிதான்.

முன்பனிப் பகுதியைச் செயற்குழுவினர்க்குப் போட்டுக் காட்டியபோது கருத்து வேறுபாடு எழுந்தது. பற்பசைப் பெட்டியால் செய்த அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கி வருகிறது. அரிவாள் ஏந்திய பெண் பொம்மைகள் வரப்பில் வரிசையாக நின்று பார்க்கின்றன. அவ்வளவுதான் காட்சி. மூத்தவர் ஒருவர், “நம் வறுமையை நாமே படம்பிடித்து ஊருக்குக் காட்ட வேண்டுமா? படித்து உயர்ந்த பிள்ளையைக் காட்டுங்கள்” என்றார். அவருடைய கவலையை நாங்கள் எளிதாகத் தள்ளவில்லை. நம்மைப் பரிதாபத்துக்குரியவராகவே காட்டிப் பழகிய படங்கள் உண்டு. ஆயினும் இப்பொம்மைகள் இரக்கம் கேட்டு நிற்கவில்லை என்பதே எங்கள் கருத்து. காட்சியை அமைத்த மாணவி, “ஐயா, எங்கள் அம்மா அன்றைக்கு நின்றது அப்படித்தான்” என்று மட்டும் சொன்னாள். காட்சி நீக்கப்படவில்லை. அப்பெரியவர் இன்றும் அதனை ஏற்கவில்லை. அது அவருடைய உரிமை.

இனி நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது. படத்தில் ஒரு பாட்டிப் பொம்மை உண்டு. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதனைச் செய்தான். அவனைத் தவிர வேறெவரையும் தொடவிடமாட்டான். முதுகை எந்த அளவு வளைத்தால் நடை வரும் என்பது அவன் விரலுக்குத்தான் தெரியும். பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் அவன் படிப்பகத்துக்கு வரவில்லை. பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு, பல மைல் தொலைவிலுள்ள செங்கல் சூளைக்கு அவனையும் அழைத்துச் சென்றுவிட்டனர். தையில் சென்றால் மழைக்கு முன் திரும்புவர்.

தோழர்களே! படிப்பகத்தின் வருகைப் பதிவேடுகளை அன்றிரவு எடுத்துப் பார்த்தோம். பல ஆண்டுகளின் ஏடுகள். ஒவ்வோர் ஆண்டிலும் மாசியிலிருந்து சில பெயர்களுக்கு எதிரே ‘வரவில்லை’, ‘வரவில்லை’ என்று எங்கள் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறோம். ‘படிப்பில் நாட்டமில்லை’ என்று ஓரிரு இடங்களில் குறிப்பும் எழுதியிருக்கிறோம். பருவம் என்றால் வெயிலும் மழையும் என்று கற்பித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, எந்தப் பருவத்தில் எந்தப் பிள்ளை பள்ளியில் இருக்கும் என்பது புலப்படவில்லை. பொம்மையை நகர்த்த ஆளில்லாமல் வேலை நின்றபோதுதான் புலப்பட்டது.

பிள்ளைகள் பாட்டிப் பொம்மையைத் தொட மறுத்தனர். அவன் தந்தையின் கைபேசி வழியாக அவனோடு பேசினர். இளவேனிலுக்குச் சூளையையே காட்டலாம் என்று அவன் சொன்னான். அறுத்த பச்சைக்கல்லை முதலில் படுக்கையாகக் காயவைத்து, சற்று இறுகியபின் புரட்டி நிறுத்த வேண்டும் என்பதை விளக்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தையின் கைபேசியை உடைகல் அடுக்கின்மேல் அசையாமல் வைத்து, காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணி வரை கால்மணிக்கு ஒன்றாகக் கல் வரிசையைப் படம் எடுத்து அனுப்பினான். ஏறத்தாழ நாற்பது படங்கள். மூன்று நொடிக்குச் சற்று மேல் ஓடும். கருத்த ஈரக்கல் வெளுத்துக்கொண்டே வருகிறது. நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்கிறது. படத்தில் பொம்மை இல்லாத பகுதி அது ஒன்றே. பால்கேயின் பட்டாணிச் செடியைப் பற்றி நாங்கள் சொன்னதை அவன் மறக்கவில்லை.

எங்களுள் இருவர் அவ்வூருக்குச் சென்றோம். அங்கிருந்த பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் இன்றிச் சேர்க்க இயலாது என்றனர். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்குகிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணங்காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று அதன் 5-ஆம் பிரிவு கூறுகிறது. அப்பக்கத்தை அச்செடுத்துக் கையில் கொண்டு சென்றிருந்தோம். உரத்துப் பேசத் தேவை ஏற்படவில்லை, காட்டினோம், சேர்த்துக்கொண்டனர். ஆண்டுத் தேர்வை அவன் அங்கேயே எழுதினான். ஆனால் அதே சூளையில் இருந்த நம் தெருச் சிறுமி ஒருத்தியை எங்களால் பள்ளிக்கு அனுப்ப முடியவில்லை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளை விட்டால் ஆளில்லை என்றார் அவள் தாய். அதற்குச் சட்டப் பக்கத்தில் எங்களிடம் விடை இல்லை. பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுச் செல்லுங்கள், உணவுக்குக் கழகம் பொறுப்பு என்று பொங்கலுக்கு முன்பே சொல்லியிருந்தால் ஒருவேளை விடை இருந்திருக்கும்.

ஆகவே இவ்வாண்டு மார்கழியிலேயே தெருவாரியாகப் பட்டியல் எடுக்க முனைந்துள்ளோம். எந்தக் குடும்பம் வெளியூர் செல்கிறது, எந்தப் பிள்ளை இங்கே தங்கக்கூடும், செல்லும் பிள்ளைக்கு அவ்வூரில் பள்ளி எவ்வளவு தொலைவு என்ற மூன்றையும் குறிக்க வேண்டும். தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் தேவை. வாயிற்புறத்து மேசையில் ஏடு வைக்கப்பட்டுள்ளது. பெயர் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.

படத்தை இப்போது திரையிடப் போகிறோம். நடவுக் காட்சியில் ஒரு பிள்ளையின் விரல் ஓரிடத்தில் தெரியும். மூன்றாம் நிமிடத்தில் விளக்கு ஒருமுறை துடிக்கும். நீக்கலாம் என்றோம், பிள்ளைகள் ஒப்பவில்லை. முதுவேனிலின் இறுதியில் ஆற்றில் தண்ணீர் வரும்போது பாட்டிப் பொம்மை எழுந்து நடக்கும். அந்த முப்பத்தாறு படங்களை மட்டும் பங்குனியில் எடுக்கவில்லை. ஆடியில் ஊர் திரும்பிய அவன் வந்து எடுத்துச் சேர்த்தான். முன்வரிசையில் அவனும் அமர்ந்திருக்கிறான். விளக்கை அணைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.