இரு துண்டு வில்லும் அதன் பொருத்தும்

அறுத்த பொருளை முன்போல் ஆக்க முடியாது என்பது பொதுவான நம்பிக்கை. முறிந்த ஏர்க்காலை ஒட்டவைத்து உழுவாரில்லை. பிளந்த துடுப்பைக் கயிற்றாற் கட்டிக்கொண்டு கடலிற் செல்வாருமில்லை. ஆனால், ஆறடி நீளமான நெடுவில்லை அதன் நடுவிடத்திலேயே வேண்டுமென்று இரண்டாக்கி, எய்யும்போது ஒன்றாக்கிக்கொள்ளும் முறை உலகிற் பல நாடுகளில் வழங்குகின்றது. அந்த நடுவிடத்தை எவ்வகையிற் பொருத்துவது நலம், அம்பாறைக் கடற்கரை போன்ற உப்புக்காற்று வீசும் நாட்டில் எந்தப் பொருத்து நிலைக்கும் என்பன ஆராயத்தக்க கேள்விகளாகும்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என வரிசையாய் அமைந்த ஊர்களில் வாழும் முஸ்லிம் மக்களுக்கு வில் அந்நியமான பொருளன்று. திருக்குர்ஆனின் 8 ஆம் அத்தியாயம் 60 ஆம் வசனத்திற் குறிக்கப்படும் பலம் என்பது எறிதலும் எய்தலுமே என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதாக ஸஹீஹ் முஸ்லிம் என்னும் ஹதீஸ் தொகுப்புக் கூறுகின்றது. இஸ்லாத்தின் வழியில் முதல் அம்பை எய்தவர் என ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் போற்றப்படுகின்றார். துருக்கி நாட்டின் மரபுவழி வில்வித்தையை 2019 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. ஆகவே இப்பகுதி இளைஞன் ஒருவன் வில்வித்தையில் நாட்டங்கொள்வானாயின், அது வியப்பிற்குரியதன்று. அவன் முதலில் எதிர்நோக்கும் இடர் குறிபார்ப்பதன்று, வில்லைக் கொண்டுசெல்வதே. கல்முனையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் இரவுப் பேருந்தில் ஆறடிக் கோலை எங்கே வைப்பது? இரண்டாகப் பிரிந்தால் அது மூன்றடிப் பொதியாகிவிடும்.

பழைய வில்லாளிகளுக்கு இக்கவலை இருந்ததில்லை. அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதியிலுள்ள பொல்லேபெத்த போன்ற இடங்களில் வாழ்ந்த வேடர்கள் ஒரே கோலாலான வில்லையே ஏந்தினர். அவர்களுடைய வில்லாண்மையைப் பற்றி 1681 இல் வெளிவந்த றொபேட் நொக்ஸ் என்பாரின் நூலிலும், 1911 இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூலிலும் செய்திகள் உள்ளன. காட்டிற் கால்நடையாகச் செல்பவனுக்கு வில்லின் நீளம் சுமையாகாது. இங்கிலாந்தில் 1545 இல் மூழ்கி, 1982 இல் மேலே தூக்கப்பட்ட மேரி றோஸ் என்னும் போர்க்கப்பலிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட நெடுவிற்கள் மீட்கப்பட்டன. அவையும் யூ மரத்தின் ஒரே துண்டிலிருந்து செதுக்கப்பட்டவை, ஆறடிக்கு மேற்பட்டவை. கப்பலில் அவற்றை வைக்க நீண்ட பெட்டிகள் இருந்தன.

ஈண்டு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். ஆறடி நீளத்திற்குக் கணுவின்றி நேராக வளர்ந்த மரம் கிடைப்பது அரிது. ஆதலின் ஒரே தடியைப் பிளந்து பெற்ற இரு குறுந்துண்டுகளை அடியோடு அடி சேர்த்து, மீன்வால் போல் வெட்டி ஒன்றினுள் ஒன்றைச் செருகிப் பசையிட்டு ஒட்டும் வழக்கம் பழமையானது. அது மரப் பஞ்சத்தைத் தீர்க்கும் ஒட்டு; ஒட்டியபின் பிரியாது. இங்கே பேசப்படுவது விரும்பியபோது பிரித்து, விரும்பியபோது சேர்க்கும் பொருத்து.

வில்லை நடுவிற் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. நாணை இழுக்கும்போது வில்லின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் வளைகின்றன. கைப்பிடி பருத்திருப்பதால் அது வளைவதில்லை. வளையாத இடத்தில் இணைப்பு இருந்தால் வில்லின் இயல்பு கெடாது. எனினும், வளையவில்லை என்பதனால் அவ்விடத்திற் சுமை இல்லை என எண்ணிவிடலாகாது. இரு பாதிகளின் நெம்புவிசையும் வந்து கூடும் இடம் அதுவே. இலக்கை நோக்கிய புறப்பக்கம் இழுபடுகின்றது. எய்பவனை நோக்கிய அகப்பக்கம் நெருக்கப்படுகின்றது. 40 இறாத்தல் இழுவிசையுள்ள ஒரு வில்லில் 4 அங்குல நீளமான உறைப்பொருத்தை அமைத்தால், அவ்வுறையின் இரு விளிம்புகளிலும் விழும் விசை நூற்றுக்கணக்கான இறாத்தலாகும். உறையின் நீளம் கூடக்கூட அவ்விசை குறையும். பொருத்துகளை ஒப்பிடும்போது முதலிற் கவனிக்கவேண்டிய கணக்கு இதுவே.

பொருத்துகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, கட்டுப்பொருத்து. பூட்டான் நாட்டின் மரபுவழி மூங்கில் வில் இரு மூங்கிற் பிளாச்சுகளைக் கைப்பிடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டி ஆக்கப்படுவது. 1971 இல் வில்வித்தையைத் தேசிய விளையாட்டாக ஏற்ற அந்நாட்டில், ஏறக்குறைய 145 மீற்றர் தூரத்திலுள்ள சிறு பலகையை நோக்கி எய்கின்றனர். கயிற்றுக் கட்டை எளிதென இகழ்தல் தகாது என்பதற்கு இதுவே சான்று. கட்டுப்பொருத்தின் குறை, அவிழ்த்துக் கட்ட நேரஞ் செல்வது. ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கம் வராமற்போவது. அதன் நிறை, தேய்வு கண்ணுக்குத் தெரிவது; பழைய கயிற்றை நீக்கிப் புதுக்கயிறு சுற்றினால் வில் புதிதாகிவிடும்.

இரண்டாவது, திருகுப்பொருத்து. 17 ஆம், 18 ஆம் நூற்றாண்டுகளில் இந்தியாவிற் செய்யப்பட்ட உருக்கு விற்களுட் சில கைப்பிடியிற் புரியிட்டுத் திருகிப் பிரிக்கும்படி அமைந்தவை. கொம்பையும் நரம்பையும் மரத்தோடு பசையிட்டு ஒட்டிய விற்கள் மாரிக்காலத்து ஈரத்திற் பசைவிட்டுப் போயின. உருக்கு வில்லோ ஆயுதசாலையில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தாலும் பயன்பட்டது. ஆனால், உருக்கு கனமானது ஆதலின், அம்பின் வேகத்தில் அது கொம்பு வில்லுக்கு ஈடாகவில்லை. திருகுப்பொருத்து இறுக்கமானது, அடக்கமானது. எனினும் புரி முடியும் இடம் ஒரு மயிரிழை பிசகினாலும் வில்லின் இரு பாதிகளும் ஒரே நேர்கோட்டில் நில்லா. மணற்றுகள் ஒன்று புரியிற் சிக்கினாற் போதும், திருகு இறுகாது. புரியில் ஏறும் கறளும் வெளியே தெரியாது.

மூன்றாவது, பிணைச்சற்பொருத்து. கதவுக்குப் பிணைச்சல் இடுவதுபோல் வில்லின் புறப்பக்கத்தில் அச்சினை வைத்து, வில்லை நடுவில் மடக்குவது இம்முறை. நாணேற்றியதும் அகப்பக்க முகங்கள் இரண்டும் ஒன்றையொன்று அழுத்தி நிற்கும். தனியே ஒரு துண்டும் தொலைந்துபோகாது. ஆனால், சுமை முழுவதும் ஒரு சிறிய அச்சில் விழுகின்றது. நாண் அறுந்துபோனால், அதுவரை முகங்களை அழுத்திப் பிடித்திருந்த விசை அற்றுவிடும். பூட்டு இல்லாத பிணைச்சல் முன்னோக்கி மடிந்து விரிந்துவிடும். ஆதலின் பூட்டில்லாத பிணைச்சலை நம்பலாகாது.

நான்காவது, உறைப்பொருத்து. ஒரு பாதியிற் பொருத்திய உறைக்குள் மற்றப் பாதியின் அடியைச் செருகுவது இது. 19 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குதிரைவண்டியிற் பயணஞ் செய்தோர் இவ்வாறு பிரியும் விற்களைக் கொண்டுசென்றனர். வண்டி வில் என்றே அதற்குப் பெயரும் இருந்தது. நாணேற்றிய வில்லில் நாண் இரு நுனிகளையும் ஒன்றையொன்று நோக்கி இழுப்பதால், உறை தானாகவே இறுகும். தனியே பூட்டு வேண்டுவதில்லை. உறை வட்டமாயிருந்தால் வில் உள்ளே சுழலும். நீள்சதுரமாகவோ முட்டைவடிவாகவோ இருந்தாற் சுழலாது.

இனி, இக்கடற்கரையின் இயல்பை நோக்குவோம். மார்கழி மாரியில் மரம் ஈரத்தை உறிஞ்சிக் குறுக்குவாட்டிற் பருக்கும். ஆனி, ஆடி மாதங்களிற் கச்சான் காற்று அனலாக வீசும்போது சுருங்கும். தளர்ந்த மண்வெட்டிக் காம்பை நீரில் ஊறவைத்து இறுகச் செய்யும் உழவர் இவ்வுண்மையை நன்கறிவர். உலோக உறைக்குள் வெறும் மரத்தைச் செருகினால், அது மாரியில் விடாப்பிடியாகச் சிக்கும். கச்சானில் தளர்ந்து ஆடும். ஆடும் பொருத்து விளிம்பில் மரத்தை நசுக்கி, ஒருநாள் முழு இழுப்பில் முறியும். முறிந்த பாதி எய்பவனின் முகத்தருகே பறக்கும் என்பதை மறந்துவிடலாகாது. கடற்காற்றின் உப்போ இரும்பைத் தின்னும். கறையில் உருக்கிலும் தரங்குறைந்தவற்றில் ஊசிமுனை போன்ற குழிகளை உண்டாக்கும். பித்தளையையும் அலுமினியத்தையும் ஒன்றோடொன்று சேர்த்தால், உப்பீரத்தில் அலுமினியம் விரைந்து அரிக்கப்படும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால், இக்கரைக்கு ஏற்றது பைபர் கிளாசினாலான நீண்ட உறைப்பொருத்து என்னும் முடிவு பெறப்படும். அதற்குக் கறள் இல்லை. ஈரத்தில் மரம்போற் பருப்பதுமில்லை. உறைக்குள் நுழையும் அடிக்கும் அதே பொருளாற் போர்வையிட்டால், மரம் உறையைத் தொடாது. மாரியும் கச்சானும் பொருத்தின் இறுக்கத்தை எளிதில் மாற்றா. செய்யும் முறையும் இவ்வூர்களுக்குப் புதியதன்று. மீன்பிடிப் படகுகளுக்குப் பைபர் கிளாசுத் துணியும் பிசினும் இட்டு வெடிப்பைப் பழுதுபார்க்கும் தொழிலாளர் இக்கரையிலேயே உள்ளனர். வில்லின் அடியில் மெழுகு பூசிய தாளைச் சுற்றி, அதன்மேற் பிசின் தோய்ந்த துணியை வரிசையாகச் சுற்றி உலரவிட்டுக் கழற்றினால், அந்த அடிக்கென்றே அளவெடுத்த உறை கிடைக்கும். வில்லைச் செதுக்கும் ஓடாவியும் படகு பழுதுபார்ப்பவரும் ஒருங்கு கூடினால் முடியும் வேலை இது. ஒரு வில்லுக்கென வார்த்த உறை மற்றொரு வில்லுக்குப் பொருந்தாது என்பதை மட்டும் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

உறுதிமிக்க திருகை விடுத்து உறையைத் தெரிவு செய்வது ஏன் என நேயர்கள் வினவலாம். எந்தப் பொருத்தும் ஒருநாள் தேயும். தேய்வது குற்றமன்று, தேய்வை மறைப்பதே குற்றம். திருகின் கறள் உள்ளே ஒளிந்திருக்கும். உறையைக் கழற்றினால் உள்ளும் புறமும் பார்க்கலாம், துடைக்கலாம், காயவைக்கலாம். பூட்டானிய வில்லாளியின் கயிற்றுக் கட்டுக்கும் இவ்வுறைக்கும் பொதுவான சிறப்பு, முறியுமுன் தன் நிலையை உரியவனுக்கு அறிவிப்பதே.

ஆதலால், இரு துண்டு வில்லை வைத்திருப்பவன் மூன்று வழக்கங்களைக் கைக்கொள்ளல் வேண்டும். பொருத்துமுன் உறையின் விளிம்பில் மயிர்போன்ற வெடிப்புண்டா என விரலால் தடவிப் பார்த்தல் ஒன்று. நாணேற்றியபின் ஒரு கண்ணை மூடி, நாண் வில்லின் நடுக்கோட்டோடு ஒத்துச் செல்கின்றதா என நோக்குதல் மற்றொன்று. எய்து முடிந்ததும் பாதிகளைப் பிரித்து, உப்பீரம் போகத் துடைத்துத் தனித்தனியே வைத்தல் மூன்றாவது. மெல்லிய கிறீச்சொலி கேட்டாலும் அன்றைக்கு எய்வதை நிறுத்திவிடல் வேண்டும்.

நடுவிற் பிரித்ததனால் வில்லின் பெருமை குறைந்துவிடுவதில்லை. ஒரே கோலாலான வில்லுக்கு மரத்தைத் தேர்வதில் எவ்வளவு கவனம் வேண்டுமோ, அவ்வளவு கவனம் இதற்குப் பொருத்தைப் பேணுவதில் வேண்டும். அக்கவனம் உள்ளவனின் கையில் அது ஒரே வில்லாகவே நின்று பணி செய்யும்.