மருந்து பலிக்கிறதா?
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் ஒரு தலைமையாசிரியன் கல்வியின் பெருமையைப் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நானோ ஒரு நோயைப் பற்றியும், அந்நோய் மருந்துக்குக் கட்டுப்படுகிறதா என்று காட்டும் ஒரு கருவியைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன்; வரலாறு படித்துப் பி.ஏ., பி.எட். பட்டம் பெற்றவன். என் குடும்பத்தில் நேர்ந்த துன்பம் ஒன்று என்னை இதைக் கற்கச் செய்தது. கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஆசிரியனுக்கு உரிமை இல்லை.

என் சிற்றப்பா கட்டட வேலை செய்து பிழைத்தவர். அவருக்கு முதுகுவலி கண்டது. "கல் சுமந்த முதுகு வலிக்காமல் என்ன செய்யும்?" என்று நாங்களும் சொன்னோம், அவரைப் பார்த்த வைத்தியரும் சொன்னார். எண்ணெயும் வலி மாத்திரையுமாக எட்டு மாதங்கள் கழிந்தன. இரத்தசோகை மிகுந்து முகம் வெளுத்த பிறகே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே, 'மைலோமா' என்னும் இரத்தப் புற்றுநோய் என்று கண்டறிந்தார்கள்.

இரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோய் அன்று. இரத்த வெள்ளணுக்களைப் பற்றும் லுகேமியா, நிணநீர்க் கணுக்களைப் பற்றும் லிம்போமா, எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா உயிரணுக்களைப் பற்றும் மைலோமா என அதற்குப் பெரும்பிரிவுகள் உண்டு. மைலோமா மஜ்ஜைக்குள் அங்கங்கே குடியேறி எலும்பை அரிக்கும், இரத்தத்தைக் குறைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, மண்டையோடு என எங்கும் அது தங்கக்கூடும்.

சிகிச்சை தொடங்கியது. ஒவ்வொரு முறை மருத்துவமனையிலிருந்து திரும்பும்போதும் சிற்றப்பா என்னிடம் ஒன்றையே கேட்பார்: "வாத்தியாரே, இந்த மருந்து எனக்குப் பிடிக்கிறதா?" ஊருக்கெல்லாம் பாடம் சொல்லும் எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை.

அக்கேள்விக்கு மருத்துவர்கள் மூன்று வழிகளில் விடை தேடுகிறார்கள். முதலாவது, நோயணுக்கள் சுரக்கும் புரதத்தை இரத்தத்திலும் சிறுநீரிலும் அளப்பது. இரண்டாவது, இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜையை எடுத்துச் சோதிப்பது. இவை இரண்டும் இன்றியமையாதவை. எனினும் இவற்றிற்கு எல்லை உண்டு. சிலருடைய நோயணுக்கள் அப்புரதத்தைச் சுரப்பதே இல்லை. ஊசியோ ஓர் இடத்தை மட்டும் அறியும். பள்ளிக்கு வரும் ஆய்வாளர் முதல் வரிசையில் இருக்கும் ஒரு மாணவனிடம் கேள்வி கேட்டுவிட்டு, வகுப்பு முழுவதும் தேறிவிட்டது என்று எழுதினால் அது சரியாகுமா? கடைசி வரிசையையும் பார்க்க வேண்டும். உடல் முழுவதையும் பார்ப்பதே மூன்றாவது வழி.

முன்பு இதற்கு எக்ஸ்ரே ஒன்றே துணையாயிருந்தது. ஆனால் ஓரிடத்து எலும்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரைந்த பிறகே எக்ஸ்ரேயில் பள்ளம் தெரியும். நோய் தணிந்த பிறகும் அப்பள்ளம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆகவே, மருந்து பலித்ததா என்பதை அறிய அது போதவில்லை.

எம்.ஆர்.ஐ. கருவி எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையையே காட்டுகிறது. அதன் தத்துவத்தை எளிமையாகச் சொல்கிறேன். நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரில் உள்ள ஹைட்ரஜனின் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய காந்தம் போன்றது. மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா கருவியின் காந்தம், புவியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30 ஆயிரம் மடங்கு வலிமையுடையது. அதனுள் நோயாளியைப் படுக்க வைத்து வானொலி அலையைச் செலுத்தினால், அவ்வணுக்கருக்கள் எதிர்க்குரல் கொடுக்கும். அக்குரலைக் கணிப்பொறி படமாக்குகிறது. இதில் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு இல்லை.

மைலோமாவுக்கு இக்கருவியை இன்னும் நுட்பமாகப் பயன்படுத்துகிறார்கள். நீரின் மூலக்கூறுகள் ஓயாமல் அசைந்துகொண்டே இருப்பவை. நம் ஊர் வாரச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் நெருக்கியடிக்கும்போது ஒருவன் நான்கு அடி நகர்வதும் அரிது; கூட்டம் கலைந்த பின் அவன் விரும்பியபடி நடக்கலாம். நோயணுக்கள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் நீர் நகர வழியின்றித் தவிக்கிறது. நீர்ப்பரவலை அளக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் அவ்விடம் பளிச்சென்று ஒளிர்கிறது. மருந்து நோயணுக்களை அழித்ததும் நீர் தாராளமாக நகர்கிறது. பரவலின் அளவு உயர்கிறது. அவ்வளவை எண்ணாகவே குறிக்கலாம். சிகிச்சைக்கு முன் எடுத்த எண்ணையும் பின் எடுத்த எண்ணையும் ஒப்பிட்டால், சிற்றப்பாவின் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

லண்டனில் உள்ள ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையும் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இதைச் சோதித்து, 2014 ஆம் ஆண்டில் 'ரேடியாலஜி' என்னும் ஆய்விதழில் முடிவை வெளியிட்டன. 26 மைலோமா நோயாளிகளுக்குச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் முழு உடல் படம் எடுத்தார்கள். மருந்து பலித்ததா இல்லையா என்பதைப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் படங்களைக் கொண்டே 86 விழுக்காடு சரியாகக் கூறினார்கள். 26 பேர் என்பது சிறிய தொகைதான். ஆயினும் அது நல்ல வழியைக் காட்டிற்று. மைலோமா என்று ஐயம் எழுந்தால் முதலில் முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்று 2016 இல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நெறிகள் கூறின. 2019 இல் பன்னாட்டு வல்லுநர்கள் கூடி, படத்தைப் படிப்பதற்கு 'மைராட்ஸ்' என்னும் பொது முறையை வகுத்தார்கள். அதில் மருந்தின் பலனுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. நம் பள்ளி வழக்கத்திற்கு மாறாக, 1 வாங்கினால் நற்செய்தி. 5 வாங்கினால் நோய் பெருகுகிறது என்று பொருள்.

இக்கருவி எல்லாம் அறிந்தது என்று எண்ணிவிடலாகாது. மஜ்ஜை நலம் பெறும்போது அதில் கொழுப்பு மீண்டும் சேர்கிறது. அப்போது முன்பு உயர்ந்த எண் திரும்பவும் தாழும். அனுபவம் இல்லாதவர் அதை நோய் என்று மயங்கக்கூடும். லுகேமியாவுக்கு இரத்தமும் மஜ்ஜையும் பார்ப்பதே முதன்மை. லிம்போமாவுக்குப் 'பெட்' ஸ்கேன் பெரிதும் பயன்படுகிறது. மைலோமாவிலும் அது பயன்படுவது உண்டு.

என் சிற்றப்பாவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நான்கு மாதச் சிகிச்சைக்குப் பின்னும் முதுகுவலி நீங்கவில்லை. "மருந்து பலிக்கவில்லை, காசும் கரைகிறது, போதும்" என்று அவர் முடிவு செய்துவிட்டார். நாங்களும் ஏறக்குறைய இசைந்துவிட்டோம். மருத்துவர் மறுபடியும் ஓர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் செய்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் விளக்குப் பலகையில் அருகருகே மாட்டிக் காட்டினார். முதற்படத்தில் கண்ட புள்ளிகளில் பல மறைந்திருந்தன. வலிக்குக் காரணம், முன்பே அரிக்கப்பட்டு அமுங்கிப்போன ஒரு முதுகெலும்பு. நோய் பின்வாங்கியிருந்தது, அது விட்டுச் சென்ற சேதமே வலித்தது. எழுத்தறியாத என் சிற்றப்பா அப்படங்களைப் படித்தார். சிகிச்சையைத் தொடர்ந்தார். அதன் பிறகு நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். தம் பேத்தியைக் கைப்பிடித்து அழைத்து வந்து என் பள்ளியில் அவரே சேர்த்தார்.

ஆகவே உங்களுக்குச் சில சொற்கள். தீராத முதுகுவலியோடு சோர்வும் வெளுப்பும் சேர்ந்தால், உழைப்பின் வலி என்று ஒதுக்காதீர்கள். ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் தேதி வாரியாக, ஈரம் படாமல் பாதுகாத்து வையுங்கள். பழைய படம் இல்லையேல் புதிய படத்தை எதனோடு ஒப்பிடுவது? உடலில் இதயக் கருவியோ உலோகமோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்து பலிக்கிறதா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை. விடை தெரியாமல் நீங்களாகவே மருந்தை நிறுத்தாதீர்கள்.

இளைஞர்களே, இக்கருவியை உலகுக்கு அளித்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்பீல்டு. அவர் 15 வயதில் பள்ளியை விட்டு அச்சுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். விஞ்ஞானம் படிக்க விரும்புவதாகச் சொன்னபோது, அதைவிடச் சிறியதொன்றைத் தேடிக்கொள் என்று அவருடைய ஆசிரியர் அறிவுரை கூறினாராம். அவர் வேலை செய்துகொண்டே படித்தார். நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார். 2003 இல் அமெரிக்கர் பால் லாட்டர்பருடன் நோபல் பரிசு பெற்றார். அந்த ஆசிரியரின் சொல்லை நான் ஒவ்வொரு மாணவன் முன்னும் நினைத்துக்கொள்கிறேன். அத்தகைய சொல் என் வாயிலிருந்து வரக்கூடாது.

உங்களிடமும் யாரேனும் அப்படிச் சொல்லக்கூடும். செவி கொடுக்காதீர்கள். இயற்பியல் நூலில் காந்தவியல் பாடத்தைக் கடினம் என்று தள்ளாமல் படியுங்கள். உங்களில் ஒருவர் அக்கருவியை இயக்குபவராகவும், ஒருவர் அப்படத்தைப் படிக்கும் மருத்துவராகவும் வரவேண்டும். அன்று, "இந்த மருந்து எனக்குப் பிடிக்கிறதா?" என்று ஒரு கூலித் தொழிலாளி கேட்டால், அவர் அருகில் அமர்ந்து, அவருக்குப் புரியும் மொழியில் விடை சொல்லுங்கள். இக்கழகத்தின் இருபத்தைந்து ஆண்டு உழைப்புக்கு அதுவே தக்க நன்றி.