வாசலில் தடை வேண்டாம். வீதியில் வரம்பு வேண்டும்!

(தெல்தோட்டையில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பொதுக்கூட்டமா என்று சிலர் கேட்டார்களாம். கேட்டவர்கள் இந்த மலைப்பக்கத்திலே பிள்ளை வளர்ப்பவர்களாக இருக்கமாட்டார்கள். கலஹா தொடக்கம் ஹேவாஹெட்டை வரையில் லயங்களின் முன்னே இன்று மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. உழவனின் மரக்கறி அதிலேறிச் சந்தைக்குப் போகிறது. ஆசிரியர் அதிலேறிப் பாடசாலைக்குப் போகிறார். இலங்கையிலே பதிவான வாகனங்களிற் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. வீதி விபத்துக்களிலே ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் மாளுகின்றனர். அவர்களுள் மிகப் பெரிய தொகையினர் மோட்டார் சைக்கிளிற் சென்றவர்களே. இதைப் பேசப் பொதுக்கூட்டம் வேண்டாம் என்றால், வேறு எதைப் பேசுவது?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. மருத்துவச் சான்றிதழ் பெறவேண்டும். எழுத்துத் தேர்வில் தேறவேண்டும். பயிலுநர் அனுமதிப்பத்திரம் பெற்று, 'எல்' பலகை மாட்டிப் பழகவேண்டும். பின்பு ஓட்டிக் காட்டித் தேறவேண்டும். தவறான ஏற்பாடு என்று நான் கூறவில்லை. ஆனால், இந்த ஏற்பாட்டின் பாரம் யார் தலையிலே விழுகிறது என்று பார்க்கவேண்டும்.

தோட்டத்துத் தொழிலாளியின் மகன் சான்றிதழுக்காக ஒரு நாள் கண்டிக்குப் போகிறான். எழுத்துத் தேர்வுக்கு ஒரு நாள். ஓட்டுத் தேர்வுக்கு ஒரு நாள். ஒரு தாள் குறைந்தால் மற்றுமொரு நாள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆவதற்கே 2021ஆம் ஆண்டு வரை போராடிய மக்கள் நாம்; 2024இல் அது 1350 ரூபா ஆயிற்று. நாலு நாள் வேலையையும் விட்டு, பஸ் கட்டணமும் கொடுத்து, விண்ணப்பக் கட்டணமும், பழக்கும் பாடசாலைக்கு ஒரு தொகையும் கட்டு என்றால், அவன் என்ன செய்வான்? பத்திரமில்லாமலே ஓட்டுவான். ஓட்டுகிறான்!

இன்னொன்றையும் மறக்கலாகாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு மலையகத் தமிழரிற் பல்லாயிரவர் நாடற்றவராக நின்றனர். அடையாள அட்டையே இல்லாதவன் எந்த அலுவலகப் படியை ஏறுவான்? 2003ஆம் ஆண்டிலே இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்த பின்னரே எஞ்சியோருக்கும் அந்தப் பூட்டுத் திறந்தது. தாத்தாவுக்கு வழி அடைத்திருந்தது உண்மை. ஆனால், அந்தப் பழைய காரணத்தைப் பேரன் இன்று சொல்லமுடியாது என்பதும் உண்மை.

சரி, பத்திரம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் என்ன வரம்பு? 100 சி.சி. வரை ஒரு வகுப்பு; அதற்கு மேற்பட்டதெல்லாம் ஒரே வகுப்பு! 125ம் அதிலேதான், 400ம் அதிலேதான். நேற்றுத் தேறிய பையன் இன்று எவ்வளவு பெரிய இயந்திரத்திலும் ஏறலாம். வாசலிலே ஆயிரம் கேள்வி. உள்ளே போனபின் ஒரு கேள்வியும் இல்லை. இதைத்தான் தலைகீழ் என்கிறேன்.

பிரித்தானியாவைப் பாருங்கள். அங்கே 1961ஆம் ஆண்டிலே, பழகுவோர் 250 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியைத் தொடக்கூடாது என்று விதித்தார்கள். நல்ல விதிதான். ஆனால், விதி எழுதியவர்கள் ஜப்பானியரை எண்ணிப்பார்க்கவில்லை! 250 சி.சி. என்ற எல்லைக்குள் நின்றுகொண்டே, பழைய பெரிய வண்டிகளையும் வெல்லும் வேகமான வண்டிகளை ஜப்பானியக் கம்பனிகள் செய்துகொடுத்தன. பதினேழு வயதுப் பிள்ளை 'எல்' பலகையை மாட்டிக்கொண்டு பறந்தான். தேர்வாளரோ வீதியோரத்திலே நின்று, பையன் ஒரு சுற்றுச் சுற்றி வருவதைப் பார்த்துப் புள்ளி போட்டார். சுற்றின் மறுபக்கத்திலே என்ன நடந்தது என்பது அவருக்கும் தெரியாது, ஆண்டவனுக்கே வெளிச்சம்! கடைசியில் 1983இலே எல்லையை 125 சி.சி.க்கு இறக்கினார்கள், இயந்திரத்தின் வலுவுக்கும் ஒரு வரம்பு கட்டினார்கள். 1990 டிசம்பரிலே அடிப்படைப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். அந்தப் பயிற்சியை முடித்த பின்னரே பழகுவோன் வீதிக்குத் தனியே வரலாம். தேர்விலே தேறும்வரை பின்னால் ஒருவரையும் ஏற்றக்கூடாது. அதிவேக வீதியிலே கால் வைக்கக்கூடாது.

நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரிலும் படிமுறைதான். முதலில் 200 சி.சி. வரை. ஓராண்டு கழிந்தால் 400 வரைக்கும் தேர்வு எழுதலாம். அதற்கப்பால் மேலும் ஒரு படி. பத்தாம் வகுப்புப் பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் உட்கார வைப்பதில்லையே! வண்டிக்கு மட்டும் ஏன் அந்த முறை கூடாது?

இனி நம் மலைக்கு வருவோம். தேர்வு நடப்பது சமதரையிலே. நாம் வாழ்வது சரிவிலே. இந்தப் பாதையிலே மழைக்காலத்தில் மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்குகிறது. வளைவிலே பஸ் வந்தால் ஒதுங்குவதற்குச் சரளைக்கல் விளிம்புதான் உண்டு. இறக்கத்தில் எண்ணெய் மிச்சம் பிடிக்கலாம் என்று கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு உருளவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. மிச்சமாவது ஒரு கரண்டி பெற்றோல். இழப்பது இயந்திரத்தின் பிடி! முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. பிரேக் சூடேறிப் பிடி தளர்கிறது. சிறிய கியரிலே இறங்கு, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, இரு பிரேக்கையும் சேர்த்து மெல்லப் பிடி என்று நம் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அதிலும் பின்னால் தம்பியும், தம்பிக்குப் பின்னால் தோழனுமாக மூவர் ஏறினால், அந்த வண்டி பழகாத கைக்கு எங்கே கட்டுப்படும்?

தந்தையரே, உங்களிடமும் ஒரு சொல். திறப்பை எடுத்துக் கொடுப்பவர் நீங்கள். இந்தியாவிலே 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் இழைத்தால், பாதுகாவலருக்கும் வண்டிச் சொந்தக்காரருக்கும் 25,000 ரூபா தண்டமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. கடுமைதான். நான் அதை இங்கே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. சிறைக்குப் போகும் தகப்பன் பெரும்பாலும் ஏழைத் தகப்பனாகவே இருப்பான். ஆயினும், பத்திரமில்லாதவன் ஓட்டி மோதினால் காப்புறுதிக் கம்பனி கைவிரிக்கும். வண்டியோ லீசிங்கில் வாங்கியது. வண்டி நொறுங்கினாலும் தவணை நொறுங்குவதில்லை. பிள்ளையைப் புதைத்த மறுமாதமும் தவணைக்காரன் வருவான்.

ஆகவே நாம் கேட்பது இவை. மருத்துவச் சான்றிதழையும் எழுத்துத் தேர்வையும் மாதம் ஒரு நாள் தெல்தோட்டைக்கே கொண்டுவரட்டும். கேள்வித்தாளோடு அன்றைக்கு வரும் உத்தியோகத்தரும் தமிழ் பேசட்டும். பத்திரம் பெற்றவனுக்கு முதல் ஓராண்டு 125 சி.சி.க்கு மேல் வேண்டாம். பின்னால் ஆள் வேண்டாம். இருட்டிய பின் ஓட்ட வேண்டாம். ஆனால் இரவு வேலைக்குப் போகிறவனுக்கும் நோயாளியை ஏற்றுகிறவனுக்கும் விலக்கு இருக்கவேண்டும். விலக்கில்லாத விதியை நம் பிள்ளைகள் மதிக்கப்போவதில்லை, பொலிசாருக்கு அது வருமானமாகத்தான் முடியும். தேர்விலே ஒரு பகுதியை ஏற்றத்திலும் இறக்கத்திலும் நடத்தட்டும்.

இந்தக் கோரிக்கைகளை எழுதிய மனு மேடைக்கு வலப்பக்கத்து மேசையில் இருக்கிறது. ஆசிரியர்களும் வைத்தியர்களும் முதலில் கையெழுத்திடுங்கள். தொழிலாளர் பெயர்கள் அடியிலே கிடந்தால் மேலேயுள்ளவர்கள் படிக்கமாட்டார்கள் என்ற அனுபவம் நமக்கு உண்டு. வண்டியில் வந்திருக்கும் இளைஞர்கள் கையெழுத்திட்டுவிட்டு, திரும்பும்போது ஒருவர்க்கு ஒரு வண்டியாக, தலைக்கவசத்தோடு இறங்குங்கள். வெளியே மழை பிடித்துவிட்டது.